தேரிக்கு ஒட்டகம் வேணுமா?

(இந்த எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

இந்த வாரம் கெஸ்ட் யாரும் இல்லை, நான் மட்டும்தான். நான் போட்ட ஒரு பயணத் திட்டத்தைப் பத்திப் பேசப் போறேன். பாலைவன டூர், ஒட்டகச் சவாரி, ராத்திரி டென்ட்ல தங்குறது. இதெல்லாம் ராஜஸ்தான்ல இல்லை, தூத்துக்குடி மாவட்டத்துல. அந்தத் திட்டத்துல பாதிக்கு மேல அடிச்சுத் திருத்த வேண்டியதாப் போச்சு. ஏன் திருத்தினேன், கடைசியில என்ன செஞ்சோம், அதுல என்ன தப்பு நடந்துச்சு, எல்லாத்தையும் சொல்றேன். இந்த மாதிரி ஒரு ட்ரிப்பை நீங்க யோசிச்சுட்டு இருந்தா உதவும்.

எங்க ஆபீஸ் குரூப்ல ஒரு நாள் ஒரு ரீல் வந்துச்சு. கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் செக்கச்செவேல்னு மணல் மேடு, நடுவுல ஒத்தைப் பனை, மேல ட்ரோன் ஷாட். கீழ 'தமிழ்நாட்டின் பாலைவனம்'னு எழுதியிருந்துச்சு. பார்த்ததும் எனக்குத் தெரிஞ்சிருச்சு, எங்க ஊர்ப் பக்கத்துத் தேரிக்காடுதான். திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் இடையில கிடக்குற செம்மணல் பூமி. எங்க அத்தை வீடு காயாமொழிப் பக்கம். சின்ன வயசுல லீவுக்குப் போனா தூரத்துல செவப்பாத் தெரியும், அவ்வளவுதான். உள்ள போய் நடந்ததே கிடையாது.

"உன் ஊர்தானே, நீயே ப்ளான் போடு"ன்னுட்டாங்க. 14 பேர். நானும் ஒரு எக்ஸல் ஷீட்டைத் திறந்தேன். எனக்குத் தெரிஞ்ச பாலைவன டூர் ஜெய்சல்மேர் டூர் மட்டும்தான். ஜெய்சல்மேர்ல இருந்து சம் மணல்மேட்டுக்கோ கூரி கிராமத்துக்கோ மத்தியானம் கிளம்பணும். சாயங்காலம் ஒட்டகத்துல ஏறி மணல்மேட்டுக்குப் போய் சூரிய அஸ்தமனம் பார்க்கணும். ராத்திரி டென்ட், நெருப்பு, பாட்டு, சாப்பாடு. காலையில டீ குடிச்சிட்டுத் திரும்பணும். அதை அப்படியே காப்பி பண்ணி, ஊர்ப் பேரை மட்டும் மாத்தினேன். ஷீட்டோட 6-வது வரி: ஒட்டகம், 4. பக்கத்துல லாரி வாடகைன்னு ஒரு காலம்.

சிரிக்காதீங்க. அப்போ ரொம்ப சீரியஸாத்தான் எழுதினேன்.

முதல்ல போய்ப் பார்க்கணும்

தூத்துக்குடிக்காரங்களுக்கு முத்துக்குளிப்பைப் பத்திக் கொஞ்சம் தெரிஞ்சிருக்கும். மன்னார் வளைகுடாவுல முத்துக்குளிப்பு வருஷா வருஷம் நடந்தது இல்லை. முதல்ல பார்களை, அதாவது கடலுக்கு அடியில சிப்பி கிடக்குற இடங்களைப் போய்ச் சோதிப்பாங்க. கொஞ்சம் சிப்பியை மாதிரிக்கு எடுத்து, திறந்து, அதுல கிடைக்குற முத்தை மதிப்புப் போடுவாங்க. தேறும்னு தெரிஞ்சாத்தான் குளிப்பு நடக்கும்னு அறிவிப்பே வரும். தேறலைன்னா அந்த வருஷம் இல்லை. அப்படிப் பல வருஷம் தொடர்ச்சியா இல்லாமலே போயிருக்கு. இங்க கடைசியாப் பெரிய அளவுல முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல.

ஒரு ஊரே காசு பார்க்கக் காத்துக்கிட்டு இருக்கும்போதும் சோதிச்சுப் பார்த்துட்டுத்தான் தேதி சொல்லியிருக்காங்க. நாம ஒரு ரீலைப் பார்த்துட்டு 14 பேருக்குத் தேதி சொல்லிட்டு இருந்தோம். அதனால டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி நான் மட்டும் முத்துநகர் எக்ஸ்பிரஸ் ஏறி ஊருக்குப் போனேன். அது ஜனவரி மாசக் கடைசி.

எங்க அத்தை ஒரு அண்ணாச்சியை அறிமுகப்படுத்தி வச்சாங்க. பனையேறி. வயசு அறுபதை ஒட்டி இருக்கும். தேரிக்கு ஓரமா அவருக்கு ஒரு சின்னப் பனை விளை இருக்கு. சீசன்ல பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சுவாங்க. மத்த நாள்ல கிடைச்ச வேலைக்குப் போவார். அவர்கிட்ட என் எக்ஸல் ஷீட்டை வாய்மொழியாச் சொன்னேன்.

"அண்ணாச்சி, இங்க ஒட்டகம் கொண்டு வந்தா ஓட்டலாமா?"

அவர் சிரிக்கவே இல்லை. "எம்மா, ஒட்டகம் எதைத் திங்கும்?"னு கேட்டார்.

"முள்ளு மரம் எல்லாம் திங்கும் அண்ணாச்சி. இங்க உடைமரம் நிறைய நிக்குதே."

"அப்ப எங்க ஆடு எதைத் திங்கும்?"

எனக்குப் பதில் இல்லை. தேரி ஓரத்துல குடை விரிச்ச மாதிரி நிக்குற உடைமரத்தோட நெத்துதான் கோடையில அங்க ஆடுகளுக்குத் தீவனம். எனக்கு அது யாருக்கும் இல்லாத முள்ளு மரமாத் தெரிஞ்சுது.

அடுத்து டென்ட்டைப் பத்திக் கேட்டேன். "தேரிக்குள்ள ராத்திரி தங்கணும் அண்ணாச்சி. சும்மா ஒரு நெருப்பு போட்டுக்கிட்டு..."

"அது பாரஸ்ட் எடம்லா. உள்ள தீ போட்டா அவன் புடிக்கதுக்கு முன்னால நானே ஒன்ன வெரட்டிருவேன். காஞ்ச ஓலை எவ்ளவு கெடக்குன்னு பாத்தியா?"

அப்புறம் என்னைக் கூட்டிக்கிட்டு உள்ள நடந்தார்.

பாலைவனமா இது?

ஒரு மேட்டுச் சரிவுல நின்னு காலால மணலைத் தள்ளினார். ஒரு சாண் ஆழத்துலயே மணலோட நிறம் கருஞ்சிவப்பா மாறிச்சு. தொட்டுப் பார்த்தேன், ஈரம். "மேலதான் இது காஞ்சு கெடக்கு. அடியில ஈரம் லேசுல போவாது"ன்னார்.

ஊர் திரும்பி வந்து தேடினப்பதான் எனக்கு இது புரிஞ்சுது. வருஷத்துக்கு 250 மில்லிமீட்டருக்கும் குறைவா மழை பெய்யுற இடத்தைத்தான் பொதுவாப் பாலைவனம்னு சொல்றாங்க. ஜெய்சல்மேர்ல சராசரியா சுமார் 200 மில்லிமீட்டர்தான் வரும். தூத்துக்குடி மாவட்டம் தமிழ்நாட்டுக் கணக்குல வறண்ட மாவட்டம்தான், ஆனா சராசரி 600-ஐத் தாண்டும். அப்புறம் 2023 டிசம்பரை யாராவது மறக்க முடியுமா? தேரிக்குப் பக்கத்துல இருக்குற காயல்பட்டினத்துல ஒரே நாள்ல சுமார் 95 சென்டிமீட்டர். ஜெய்சல்மேருக்கு நாலஞ்சு வருஷத்துல வர்ற மழை 24 மணி நேரத்துல கொட்டியிருக்கு. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல நூத்துக்கணக்கான பேரோட ரயில் மாட்டிக்கிட்டது அந்த மழையிலதான்.

அந்த மழைத் தண்ணி மணல்ல விழுந்தா ஓடாம உள்ள இறங்கிடும். மணல்மேட்டுக்கு அடியில தங்கி, தாழ்வான இடத்துல சுனையா வெளிய வரும். மேலப்புதுக்குடிக்குப் பக்கத்துல தேரிக்குள்ளயே அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் இருக்கு. பேர்லயே சுனை இருக்கு பாருங்க. சுத்திலும் செம்மணல், நடுவுல மரமும் தண்ணியும். அங்க போய் நின்னதும் என் ஷீட்ல இருந்த 'பாலைவனம்'ங்கிற தலைப்பை முதல்ல அடிச்சேன்.

அப்போ தேரின்னா என்ன? காத்து கொண்டு வந்து குவிச்ச மணல். பல ஆயிரம் வருஷமாக் குவிஞ்சது. மணல் துகள் மேல இரும்பு ஆக்சைடு படிஞ்சிருக்கு, அந்தச் சிவப்பு அதுதான். மேற்குத் தொடர்ச்சி மலையில இருக்குற கணவாய்கள் வழியா ஜூன், ஜூலையில ஒரு காத்து அடிக்கும் பாருங்க, அது இன்னைக்கும் மேல்மணலை நகர்த்திக்கிட்டுத்தான் இருக்கு. அந்தக் காத்தைப் பிடிச்சு நிறுத்துறதுதான் பனை, உடை, கொல்லாமரம் எல்லாம். கொல்லாமரம்னா முந்திரி, சென்னை நண்பர்களுக்காகச் சொல்றேன்.

இன்னொரு விஷயம் கேட்டா ஆச்சரியப்படுவீங்க. இந்தத் தேரிகள்ல கற்காலக் கருவிகள் கிடைச்சிருக்கு. விரல் நகம் அளவுக்குச் சின்னச் சின்னதா உடைச்ச கல் கருவிகள். 19-ம் நூற்றாண்டுல ராபர்ட் புரூஸ் ஃபூட் சாயர்புரம் பக்கம் கண்டெடுத்தார். 1956-ல சாய்னர், ஆல்சின்னு ரெண்டு பேர் இந்த இடங்களைப் பத்தி விரிவான கட்டுரை எழுதினாங்க. தொல்லியல் படிக்கிறவங்க 'தேரிப் பண்பாடு'ன்னு சொல்றது இதைத்தான். நாம செல்ஃபி எடுக்குற மேட்டுல ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி யாரோ உட்கார்ந்து கல் உடைச்சிருக்காங்க. அதனால வித்தியாசமா ஒரு கல்லு கண்ணுல பட்டா பாக்கெட்ல போடாதீங்க. பார்த்துட்டுக் கிடந்த இடத்துலயே விட்டுடுங்க.

ஒட்டகத்தை ஏன் அடிச்சேன்

சரி, ஷீட்டோட 6-வது வரி. ஆட்டுத் தீவனம்ங்கிற ஒரு காரணமே போதும். ஆனா நான் பிடிவாதக்காரி, இன்னும் கொஞ்சம் தேடினேன்.

இந்தக் கடற்கரைக்கு வெளிநாட்டு மிருகம் வந்த கதை ஒண்ணு ஏற்கெனவே இருக்கு. 13-ம் நூற்றாண்டோட கடைசியில மார்க்கோ போலோ வந்து எழுதின காயல் துறைமுகம், இன்னைக்குப் பழையகாயல்னு சொல்றோமே, அந்தப் பக்கம்தான். தாமிரபரணி கடல்ல சேர்ற இடம். பாண்டியர்களுக்காக அரபுக் குதிரைகள் கப்பல் கப்பலா இங்க வந்து இறங்கிச்சு. கொள்ளை விலை. அதுல பெரும்பாலானது சீக்கிரமே செத்துப் போகும்னு மார்க்கோ போலோ எழுதியிருக்கார். சரியாப் பராமரிக்கத் தெரிஞ்ச ஆள் இல்லை, லாடம் அடிக்க ஆள் இல்லை, தீனியும் சரியில்லை. செத்ததுக்குப் பதிலா அடுத்த வருஷம் மறுபடி குதிரை வாங்குவாங்க.

ஒட்டகத்துக்கும் அதே பிரச்சினைதான். ஒட்டகம் வறண்ட காத்துக்குப் பழகின உடம்பு. ஈரமும் ஈயும் அதிகமா இருக்குற இடத்துல 'சர்ரா'ன்னு ஒரு ரத்த நோய் வரும். கடிக்கிற ஈக்கள் மூலமாப் பரவும். நம்ம கடற்கரைப் புழுக்கத்துல, அந்த நோயைப் பார்த்துப் பழகின டாக்டர் பக்கத்துல இல்லாம, அதைக் கொண்டு வந்து நிறுத்துறது நமக்கு 2 மணி நேர போட்டோ. அதுக்கு ஆயுசு.

ராஜஸ்தான்ல அது ஏன் சரியா இருக்குன்னா, அங்க ஒட்டகத்தோடயே வாழ்ற ஆட்கள் இருக்காங்க. ராய்க்கான்னு ஒரு சமூகம் தலைமுறை தலைமுறையா ஒட்டகம் வளர்க்குது. அவங்களுக்கே இப்ப சிரமம். 2012 கால்நடைக் கணக்குல இந்தியா முழுக்க சுமார் 4 லட்சம் ஒட்டகம் இருந்துச்சு. 2019-ல சுமார் 2.5 லட்சம். 2014-ல ராஜஸ்தான் அரசு அதை மாநில விலங்கா அறிவிச்சும் எண்ணிக்கை சரிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு. ஒட்டகத்துல போகணும்னு ஆசையா இருந்தா ஜெய்சல்மேர், பிக்கானேர் பக்கம் போங்க. அக்டோபர்ல இருந்து பிப்ரவரிக்குள்ள போங்க. ஒட்டகம் வளர்க்குற ஆள் கையில நேரடியாக் காசு போற மாதிரி புக் பண்ணுங்க. முதுகுல புண் இருக்கான்னு பார்த்துட்டு ஏறுங்க. அது நல்ல ட்ரிப். அதை இங்க ஒட்ட வைக்காதீங்க.

ராத்திரி எங்க தங்குறது

அடுத்து டென்ட். அண்ணாச்சி சொன்னதை உறுதிப்படுத்த வனத்துறை அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். குதிரைமொழித் தேரியில பெரும்பகுதி காப்புக்காடு. பகல்ல கோயில் பாதையில போகலாம், உள்ள தங்கக் கூடாது, தீ மூட்டக் கூடாதுன்னு தெளிவாச் சொன்னாங்க. நீங்க போகும்போது நீங்களே ஒரு தடவை கேட்டுக்கோங்க. எனக்கு சொன்னது உங்களுக்கும் அப்படியே பொருந்தும்னு நினைச்சுக்காதீங்க.

எங்க குரூப்ல ஒருத்தர், "யாரு வந்து பார்க்கப் போறா?"ன்னு கேட்டார். நான் 2018 மார்ச் 11-ன்னு மட்டும் பதில் போட்டேன். குரங்கணி. சென்னையில இருந்தும் ஈரோடு பக்கத்துல இருந்தும் மலையேறப் போனவங்க, நம்மள மாதிரி வார லீவுக்குப் போனவங்க, காட்டுத்தீயில மாட்டி 20 பேருக்கு மேல இறந்து போனாங்க. அதுக்கப்புறம்தான் தமிழ்நாட்டுல மலையேற்றத்துக்குன்னு தனி விதிகள் வந்துச்சு. 2024 அக்டோபர்ல இருந்து 'ட்ரெக் தமிழ்நாடு'ன்னு அரசாங்கமே 40 பாதைகளைத் திறந்து, வழிகாட்டியோட கூட்டிட்டுப் போகுது. அதாவது அனுமதியோட போக வழி இருக்கு. அனுமதி இல்லாத இடத்துக்குள்ள 14 பேரைக் கூட்டிட்டுப் போறவர், அந்த 14 பேர் வீட்டுக்கும் பதில் சொல்ல வேண்டியவர்.

அப்போ எங்க தங்குறது? அண்ணாச்சியே வழி சொன்னார். "எங்க விளையில படுங்க. பட்டா எடம். ஒலைக் கொட்டகை கெடக்கு. பொம்பளப் புள்ளைகளுக்கு வீட்டுல கக்கூஸ் இருக்கு." கடைசி வரியை என் ஷீட்ல நான் யோசிக்கவே இல்லை. டென்ட் எத்தனை பேர் தாங்கும்னு பார்த்திருந்தேன், 6 பொண்ணுங்க ராத்திரி எங்க போவாங்கன்னு பார்க்கலை. ப்ளான் போடுறவங்க தயவுசெய்து இதை முதல் வரியா எழுதுங்க.

நேரம்தான் பெரிய சிக்கல்

மார்ச் முதல் வாரம் போறதுன்னு முடிவாச்சு. ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் காத்து, முகத்துல மணல் அறையும். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் மழை. ஏப்ரல், மே வெயில் பத்திச் சொல்லவே வேண்டாம். நடக்க மட்டும் போறதுன்னா ஜனவரி, பிப்ரவரி நல்லது. எங்களுக்குப் பதநீரும் பார்க்கணும், அதனால மார்ச்.

இங்கதான் ஒரு முடிச்சு விழுந்துச்சு. தேரியில நடக்க நல்ல நேரம் விடியக்காலையும் சாயங்காலமும். அண்ணாச்சி பனை ஏறுற நேரமும் அதேதான். பாளையைத் தினமும் சீவி விடணும். ஒரு நாள் விட்டா ஊறல் குறைஞ்சிடும், மரம் கெட்டுப் போகும். "ஒரு நாளைக்கு எவ்வளவு வேணும்னு சொல்லுங்க அண்ணாச்சி, அந்த நாள் நீங்க ஏற வேண்டாம்"னு நான் பெருந்தன்மையாச் சொன்னேன். "மரத்துக்கு லீவு கெடையாது தாயி"ன்னார்.

அதனால எங்க நேரத்தை அவர் நேரத்துக்கு மாத்தினோம். காலை ஏத்தம் முடிஞ்சு 7 மணிக்கு மேல முதல் நடை. 9:30-க்குத் திரும்பிடணும். வெயில் நேரம் முழுக்க விளையில. சாயங்கால ஏத்தம் முடிஞ்சு 5:30-க்கு மேல ரெண்டாவது நடை. 14 பேரை 7, 7-ஆப் பிரிச்சு ரெண்டு வார லீவுல போனோம். ஒரு ஆளுக்கு 3 லிட்டர் தண்ணி, தொப்பி, கணுக்கால் மூடுற ஷூ. வெறுங்கால்ல போட்டோ எடுக்கணும்னா காலையில மட்டும். அண்ணாச்சிக்கும், சமைச்சுக் கொடுத்த மதினிக்கும் தனித்தனியாப் பணம் பேசினோம், முதல் நாளே கொடுத்தோம். பேரம் பேசலை.

தப்பு நடந்த சாயங்காலம்

முதல் குரூப், சனிக்கிழமை சாயங்காலம். அண்ணாச்சி இன்னும் மரத்துல இருந்தார். மணி 5:40. எங்க டீம்ல ஒருத்தன், நல்ல பையன், "சூரியன் போயிடும், நான் முன்னாடி அந்த மேட்டுல நிக்கிறேன்"னு கிளம்பிட்டான். அந்த மேடு கண்ணுக்கு எதிர்லயே தெரிஞ்சுது. நானும் சரின்னுட்டேன். ப்ளான் போட்டவ நான், சரின்னு சொன்னதும் நான்.

நாங்க அங்க போய்ச் சேர்ந்தப்ப அவன் இல்லை. ஒரு மேடு ஏறினா அடுத்த மேடு இன்னும் அழகாத் தெரியும், அதுதான் தேரி. அவன் அதைப் பார்த்து இறங்கியிருக்கான், அதுல இருந்து இன்னொண்ணு. இறங்கின பள்ளத்துல நின்னா நாலு பக்கமும் ஒரே சிவப்பு, பனையெல்லாம் ஒரே பனை. போன் அடிச்சோம், சிக்னல் இல்லை. கூப்பிட்டோம், மணல் சத்தத்தை முழுங்கிடுச்சு. இருட்டிக்கிட்டே வருது.

அண்ணாச்சி எங்க யாரையும் நகர விடலை. "ஒருத்தரும் காலை எடுக்காதீங்க, தடம் கலைஞ்சிரும்"னார். அவன் ஷூ தடத்தைப் பிடிச்சு அவர் மட்டும் போனார். நாங்க 6 பேரும் அசையாம உட்கார்ந்திருந்தோம். 40 நிமிஷம். அந்த 40 நிமிஷத்துல அவனோட அம்மா நம்பர் என்கிட்ட இருக்கான்னு யோசிச்சேன். இல்லை. என் ஷீட்ல ஒட்டகத்துக்கு வரி இருந்துச்சு, வீட்டு நம்பருக்கு வரி இல்லை.

ரெண்டு பேரும் திரும்பி வந்தாங்க. பையன் முகம் வெளுத்திருந்துச்சு, கையில தண்ணி பாட்டில் கூட இல்லை. அண்ணாச்சி அவனைத் திட்டவே இல்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னார். "இது மாசி. காத்து இல்ல, தடம் நின்னுச்சு. ஆனி ஆடின்னா நீங்க இங்கன வாரதுக்குள்ள தடம் போயிருக்கும்."

வழிகாட்டின்னா இடம் காட்டுறவர், கதை சொல்றவர்னுதான் அதுவரைக்கும் நினைச்சிருந்தேன். அடுத்த வாரம் ரெண்டாவது குரூப்புக்கு மூணே விதி. அண்ணாச்சி கால் தரையில படுற வரைக்கும் யாரும் தேரிக்குள்ள கால் வைக்கக் கூடாது. எல்லார் வீட்டு நம்பரும் ஒரு பேப்பர்ல எழுதி அத்தை வீட்ல இருக்கணும். கிளம்பும்போதும் ஒவ்வொரு மேட்டுலயும் தலை எண்ணணும்.

நெருப்பு இருந்துச்சு

ராத்திரி விளையில படுத்தோம். காலையில எழுந்தப்ப அண்ணாச்சி இடுப்புல பாளை அருவாள், கால்ல தளைநார், மரத்துல பாதி உயரத்துல இருந்தார். கலயத்துல இருந்து அப்பவே ஊத்தின பதநீரை ஓலைப் பட்டையில குடிச்சோம். மதினி பெரிய வட்டையில மீதிப் பதநீரை ஊத்தி அடுப்பு மூட்டினாங்க. பாகு இறுகி, சிரட்டையில ஊத்திக் கருப்பட்டி ஆகுற வரைக்கும் நாங்க 7 பேரும் மாறி மாறிக் கிண்டினோம். கை வலிச்சுது. உடன்குடிக் கருப்பட்டிக்கு ஏன் அந்த விலைன்னு இனிமே நாங்க யாரும் கேட்க மாட்டோம். நாங்க கேட்ட கேம்ப் ஃபயர் அந்த அடுப்புதான்.

கடைசியா ஒரு விஷயம். ரீல்ல 'பாலைவனம்'னு எழுதுறதுல என்ன தப்புன்னு கேட்கலாம். பாலைவனம்னா காலி இடம்னு நமக்கு ஒரு நினைப்பு. காலி இடம்னா யாரும் எதுவும் செய்யலாம். ஜீப் ஓட்டலாம், குப்பை போடலாம், மண் அள்ளலாம். இந்த மணல்ல டைட்டானியம் எடுக்குற இல்மனைட் இருக்கு. 2007-ல சாத்தான்குளம் பகுதியில டாடா ஸ்டீல் டைட்டானியம் டை ஆக்சைடு ஆலை கொண்டு வரத் திட்டம் போட்டப்ப, 'அது விளையாத தேரி நிலம்தானே'ங்கிற வாதமும் இருந்துச்சு. வேலை வரும்னு ஒரு பக்கம், நிலமும் தண்ணியும் போகும்னு ஒரு பக்கம், பெரிய சர்ச்சை. ஆலை வரலை. யார் சொன்னது சரிங்கிறது தனி எபிசோட். ஆனா அங்க ஆடு மேயுது, பனை ஏறுறாங்க, சுனை ஊறுது. தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயில்ல கள்ளர் வெட்டுத் திருவிழா முடிஞ்சதும் ஒரு பிடி தேரி மண்ணை வீட்டுக்கு எடுத்துட்டுப் போக ஜனங்க முண்டியடிக்கிறாங்க. அந்த இடத்துக்கு ஏற்கெனவே ஒரு பேர் இருக்கு. தேரி. போட்டோ போட்டா அந்தப் பேரையே போடுங்க.

என்னோட திருத்தின ஷீட்டை எபிசோட் பக்கத்துல வச்சிருக்கேன். 6-வது வரியில இப்ப இருக்கிறது: வீட்டு நம்பர், 7. நீங்க போட்டு வச்சிருக்குற ப்ளானை இன்னைக்கு ராத்திரி ஒரு தடவை திறந்து பாருங்க, எந்த வரியை அடிச்சீங்கன்னு எனக்கு எழுதுங்க. அடுத்த வாரம் பார்ப்போம். வாரேன்.